போர்டில் பெய்த மழை

புதுக் கறுப்புத் துணிக்கென்று ஒரு நாற்றம் இருக்கிறது. சாயமும் கஞ்சியும் கலந்த நாற்றம். அதன்மேல் பிள்ளைகளின் வேர்வை ஏறி, உப்புக்காற்றும் ஊறிவிட்டால், ஈரச் சாக்கை மூக்கோடு சேர்த்துக் கட்டியதுபோல் இருக்கும். எங்கள் எட்டாம் வகுப்பின் ஜன்னல்களுக்கு அந்தத் துணியைக் கட்டியதிலிருந்து எனக்கு மதியச் சோறு இறங்குவதில்லை. கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள், ஆடி மாதத்தில் ஒரு நாள் அந்த அறைக்குள் டிபன் பாக்ஸைத் திறந்து பார்க்கட்டும். பிறகு பேசலாம்.

மண்டபம் தாண்டினால் நிலம் மெலிந்துகொண்டே போகும். மெலிந்து மெலிந்து, இதற்குமேல் முடியாது என்று பாலத்திடம் கையை விரித்துவிடும். அந்த மெலிந்த இடத்தில் எங்கள் பள்ளிக்கூடம். வகுப்பின் தெற்கு ஜன்னலில் ஒரு கடல். வடக்கு ஜன்னலில் இன்னொரு கடல். ஒன்று கத்தும்போது மற்றது கண்ணை மூடிக் கிடக்கும். கச்சான் என்று நாங்கள் சொல்கிற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடலுக்குப் பேய் பிடிக்கும். வள்ளங்களையெல்லாம் வடபக்கம் கொண்டுபோய்விடுவார்கள். ஐப்பசியில் வடகிழக்கு வாடைக்காற்று திரும்பியதும் ஆட்டம் மாறும். அப்போது வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் பால் குடித்த பிள்ளையாய்த் தூங்கும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. எந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்துவது என்பதிலேயே வகுப்புக்குத் தெரிந்துவிடும். கச்சானில் தெற்கைச் சாத்து. வாடையில் வடக்கைச் சாத்து. அதைச் செய்ய எங்கள் பள்ளியில் வகுப்புக்கு ஒரு ஜன்னல் லீடர் உண்டு. மற்ற ஊர்களில் இப்படி ஒரு பதவி இருக்குமா என்று எனக்குத் தெரியாது.

எட்டாம் வகுப்பின் ஜன்னல் லீடர் ஒரு பெண். வாப்பா வளைகுடாவில் வண்டி ஓட்டுகிறார். உம்மாவும் அவளும் ஊரில். ஒல்லியான பிள்ளை, தலைத்துணி எப்போதும் ஒரு பக்கம் சரிந்திருக்கும். ஜன்னலைத் திறக்குமுன் இடுக்கில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள், காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொடுவதுபோல. நான் நடத்துவது சமூக அறிவியல். என் பாடத்தில் அவள் பேசாத நாள் கிடையாது. எதையும் "ஆனா டீச்சர்" என்றுதான் ஆரம்பிப்பாள்.

நாடுகளின் எல்லையைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். எழுந்தாள்.

"ஆனா டீச்சர், கடல்ல கோடு போட்டா அலை அழிச்சிராதா?"

வகுப்பு சிரித்தது. அவள் விடவில்லை.

"இல்ல டீச்சர், மீனு அங்கிட்டும் இங்கிட்டும் போகுதுல்ல. அதை யாரு பிடிப்பா?"

அன்றைக்கு என் பாடம் முடியவில்லை. முடியாத பாடத்தோடு வீட்டுக்குப் போவது ஒரு சுகம். ராத்திரிச் சாப்பாட்டில் தட்டுக்குள் அந்தக் கேள்வி நீந்திக்கொண்டிருக்கும். ஒரு வகுப்பில் ஒரு "ஆனா" இருந்தால் போதும். மொத்த வகுப்பும் அதன் முதுகில் ஏறி எங்கேயாவது போய்ச் சேரும்.

இந்த வருஷம் பள்ளி திறந்தபோது ஸ்மார்ட் போர்டு வந்தது. ஓர் அறக்கட்டளை கொடுத்தது. கூடவே பிள்ளைகள் கையில் வைத்து விடையை அழுத்துவதற்குச் சின்னச் சின்ன டேப்புகள். மாட்ட வந்தவர்கள் இரண்டு பக்கக் கடல் வெளிச்சத்தையும் பார்த்துவிட்டு, "இவ்வளவு வெளிச்சத்துல போர்டு தெரியாது மேடம்" என்றார்கள், ஏதோ வீட்டில் பாம்பு இருப்பதைச் சொல்வதுபோல. உப்பில் இற்றுப்போயிருந்த ஜன்னல் மரக் கதவுகளைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு பக்கமும் கறுப்புத் துணியை அடித்தார்கள். இரண்டு கடல்களும் ஒரே நாளில் காணாமல் போயின.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் அந்தப் போர்டில் கடல் பசுவைக் காட்டினேன். எங்கள் கடலில் வாழ்கிற பிராணி, எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் பார்த்ததே இல்லை. கடற்புல்லை மேய்ந்துகொண்டு, குட்டியைப் பக்கத்தில் அணைத்துக்கொண்டு, வகுப்பின் சுவர் முழுக்க நீந்தியது. பிள்ளைகள் மூச்சு விடவில்லை. இது போதும், இனி கேள்விகள் கொட்டும் என்று காத்திருந்தேன். ஒன்றும் கொட்டவில்லை. கடல் பசு போனது, சுறா வந்தது. சுறா போனது, பவளப்பாறை வந்தது. வாய் பிளந்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

அது ஏன் என்று யோசித்து யோசித்து நான் வந்து சேர்ந்த இடம் இது. சாக்பீஸ் காலத்தில் நான் எழுதுவதற்காகப் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டித் திரும்புவேன். சாக்பீஸ் கீச்சிடும். கை வலிக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில், என் முதுகுக்குப் பின்னால், பிள்ளைகள் தங்களோடு தனியாக இருப்பார்கள். கேள்வி அங்கேதான் முளைக்கும். போர்டுக்கு முதுகே இல்லை. அது யாரையும் தனியாக விடுவதில்லை. ஒரு பொழுதாவது வாயை மூடினால்தானே எதிரில் இருப்பவனுக்கு ஏதாவது தோன்றும்?

ஆனி மாதத்தில் பருவக்காற்றுப் பாடம் வந்தது. போர்டுக்குள் இருந்த பாடத்தை எங்கோ செய்து அனுப்பியிருந்தார்கள். மொத்த நாட்டுக்கும் ஒரே பாடம், அதன் வாயில் மட்டும் தமிழை மாற்றி வைத்திருந்தார்கள். மஞ்சள் மழைக்கோட்டுப் பையன் ஒருவன் குதித்து வந்து, சர்க்கரைப் பாகு குரலில், "ஜூன் வந்துவிட்டது நண்பர்களே! நமது மழைக்காலம் வந்துவிட்டது!" என்றான். தவளை கத்தியது. குடைகள் விரிந்தன. போர்டு முழுக்க மழை ஊற்றியது. வெளியே கச்சான் மணலை வாரி வாரிக் கறுப்புத் துணியின்மேல் அறைந்துகொண்டிருந்தது. எங்கள் சீமையில் ஜூனில் மழையா? கண்ணில் விழ ஒரு தூறல் கிடையாது. கிணற்றில் வாளி தரை தட்டும். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. இங்கே பிறந்த ஆட்டுக்குட்டிக்கும் இது தெரியும்.

பாடம் முடிந்ததும் டேப்பில் கேள்வி வந்தது. நமது மழைக்காலம் எது? நான் நெஞ்சுக்குள் சிரித்துக்கொண்டேன். இப்போது பார், என் பிள்ளைகள் உன்னை மடக்கப் போகிறார்கள் என்று.

டிக், டிக், டிக் என்று போர்டில் பெயர்களுக்கு நேரே பச்சை விழுந்தது. ஜூன் முதல் செப்டம்பர் வரை. வகுப்பு முழுக்கப் பச்சை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் சிவப்பு. கூடவே வாத்து கத்துவதுபோல ஒரு சத்தம், தப்பாக அழுத்துகிறவர்களை ஊருக்குக் காட்டிக்கொடுப்பதற்காக. ஜன்னல் லீடர்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்று அழுத்தியிருந்தாள்.

"ஆனா டீச்சர்," என்று எழுந்தாள், "இப்ப ஜூன்தானே? மழை எங்க?"

பின் பெஞ்சிலிருந்து ஒருவன் பக்கத்துப் பையனிடம் சொன்னான்: "ஏலே, மழைய அவுக வாப்பா பிளைட்ல கூட்டிட்டுப் போயிட்டாருலே."

வகுப்பு வெடித்தது. அவளும் சிரித்தாள். நான் புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன். அரசாங்கப் புத்தகத்தில் தெளிவாக இருந்தது, நமக்கு மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று என்று. ஒரு பையனை எழுந்து சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படித்தான். படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"இப்ப எது சரி?" என்றேன்.

"போர்டுதான் டீச்சர். புத்தகத்துல அச்சுப் பிழையா இருக்கும்."

"சரி, நீ வெளிய போய்ப் பாத்துட்டு வா. மழை பெய்யுதான்னு."

போனான். கண்ணைக் கசக்கிக்கொண்டு, தலையெல்லாம் மணலோடு திரும்பி வந்தான்.

"இல்ல டீச்சர். அங்கன நெட்டு ஸ்லோவா இருக்கும்போல."

இதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், வராண்டாவுக்குப் போனபிறகுதான் அது எனக்கு உறைத்தது. அவன் நக்கலுக்குத்தான் சொன்னான். ஆனால் நக்கலடித்துவிட்டு உட்கார்ந்தவன் டேப்பில் தன் பச்சையை அப்படியேதான் வைத்திருந்தான். மணல் கண்ணில் உறுத்திக்கொண்டிருக்க, கண்ணைக் கசக்கிக்கொண்டே, ஜூனில் மழை என்று நம்புவதற்குக்கூட அவனுக்கு அவசியம் இருக்கவில்லை. நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அழுத்தினான், அவ்வளவுதான்.

இன்னொருத்தியைக் கூப்பிட்டு, எப்படி அவ்வளவு வேகமாக விடை கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டேன். பெருமையாகச் சொன்னாள்: "கேள்வியப் படிக்கக் கூடாது டீச்சர். நேரம் போயிரும். பெருசா இருக்க விடைய அழுத்தணும். சின்னதா இருக்கது சும்மா போட்டிருப்பாக."

தலைமையாசிரியரிடம் போனேன். கடலாடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்து மனிதர், நல்லவர், யாரையும் கடிந்து பேசாதவர். செல்போனில் ஊரில் இருக்கும் தம்பியோடு பேசிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"ஏலே, உனக்குக் கிறுக்காலே பிடிச்சிருக்கு? இப்பவே விதைய வாங்கி என்ன செய்யப்போற? கண்மாயில நாய் படுத்துக் கிடக்கு. ஐப்பசி மழைக்குத்தானலே நாம விதைக்கிறது? ஆவணி முடியட்டும், நான் வாரேன்."

போனை வைத்துவிட்டு, "சொல்லுங்க டீச்சர்" என்றார்.

சொன்னேன். போர்டில் மழைக்காலம் தப்பாக இருக்கிறது, சரியாக அழுத்திய பிள்ளைக்குச் சிவப்பு விழுகிறது என்று. முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போர்டுல என்ன இருக்கு?"

"ஜூன்னு இருக்கு சார்."

"அப்ப ஜூன்னே சொல்லச் சொல்லுங்க. அதுல நாம கை வைக்க முடியாது டீச்சர். மார்க்கு நேரா மேல போகுது. நம்ம ஸ்கூல் இப்ப நல்லா வந்துக்கிட்டிருக்கு."

"சார், இப்பதான் தம்பிகிட்ட ஐப்பசின்னு..."

"அது வெவசாயம் டீச்சர்," என்றார், குழந்தைக்கு விளக்குகிற பொறுமையோடு. "இது பாடம்."

அவர் முகத்தில் ஒரு கூச்சம், ஒரு நெளிவு தெரிந்திருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். ஒன்றுமே இல்லை. அந்தச் சுத்தமான முகம்தான் என்னை அருவருப்படையச் செய்தது.

மறுநாள் ஜன்னல் லீடர் வராண்டாவில் என்னிடம் வந்தாள். தலைத்துணியின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"வாப்பா பாத்துட்டாக டீச்சர்."

டேப்பில் அழுத்துவது அன்றன்றைக்கே பெற்றோரின் செல்போனுக்குப் போய்விடும். வளைகுடாவில், ஏதோ ஒரு சாலை ஓரத்தில், வண்டியை நிறுத்திவிட்டு ரொட்டி தின்கிற நேரத்தில் அவர் அதைத் திறந்து பார்ப்பாராம். மகள் என்ன படிக்கிறாள், எப்படிச் சிரிக்கிறாள், எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறாள், இதெல்லாம் அவருக்குத் தெரிய வழியில்லை. பச்சையும் சிவப்பும் தெரியும். அவளைப் பார்க்க அவருக்கு இருக்கிற ஜன்னல் அதுதான்.

"என்ன சொன்னாக?"

"ஏன்மா சிவப்பு, கவனமில்லையான்னு கேட்டாக. நான் சொன்னேன், நம்ம ஊர்ல ஐப்பசியிலதானே வாப்பா மழைன்னு. ஆமான்னு சொன்னாக."

"அப்புறம்?"

"மழை எப்பப் பேஞ்சா நமக்கென்னம்மா, நீ பச்சையாப் போடுன்னுட்டாக." நுனியை இன்னும் இறுக்கித் திருகினாள். "அழுத மாதிரி இருந்துச்சு டீச்சர். அங்க ஒருத்தர்ட்ட காட்டுனாகளாம், எம்மக எல்லாம் பச்சைன்னு. அன்னைக்குப் பாத்து இது."

வெயிலில் வண்டி ஓட்டுகிற மனிதரை நான் திட்ட முடியாது. "நீ சொன்னதுதான் சரி" என்றேன். "தெரியும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். அன்றைக்கு அவள் "ஆனா" சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. நான் பாடத்தை நடுவில் நிறுத்திவிட்டு அவள் பக்கம் பார்ப்பேன். எதிர்வீட்டு வாசலில் தினமும் உட்கார்ந்திருக்கிறவரைக் காணோமே என்று எட்டிப் பார்ப்பதுபோல. அவள் டேப்பைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அவள் பெயருக்கு நேரே பச்சை பச்சையாய் விழுந்துகொண்டிருந்தது.

ஆடியில், காற்று உச்சத்தில் இருந்தபோது, போர்டு கொடுத்த அறக்கட்டளையிலிருந்து ஒருவர் வகுப்பைப் பார்க்க வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அட்டை, நல்ல சிரிப்பு. முன்னால் நின்று விடை சொல்லத் தலைமையாசிரியர் தேர்ந்தெடுத்தது ஜன்னல் லீடரை. "இப்ப அந்தப் பிள்ளைதான் டீச்சர் ஃபுல் பச்சை" என்றார். பார்க்க வந்தவர் வகுப்புக்குள் நுழையுமுன் நான் அவளைத் தனியாக அழைத்து, "உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு, பயப்படாத" என்றேன். தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலை வைத்துக்கொண்டு நான் என்னவெல்லாம் கட்டினேன்! அவள் எழுந்து நிற்பாள். "ஆனா சார்" என்பாள். கறுப்புத் துணி காற்றில் கிழியும்.

போர்டில் மஞ்சள் மழைக்கோட்டுப் பையன் குதித்தான். மழை ஊற்றியது. துணிக்கு அப்பால் மணல் சடசடவென்று அடித்தது.

"பரவாயில்லையே, மழை சத்தம் அப்படியே நெஜ மழை மாதிரி கேக்குதே!" என்றார் வந்தவர்.

அது மணல் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தலைமையாசிரியரும் சிரித்தார்.

"சொல்லும்மா, நமது மழைக்காலம் எது?"

அவள் எழுந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டாள். தலைத்துணி அன்றைக்குச் சரியவில்லை, ஊக்கு குத்தியிருந்தாள்.

"ஜூன் முதல் செப்டம்பர் வரை. தென்மேற்குப் பருவக்காற்று நமக்கு மழையைத் தருகிறது. எனவே இதுவே நமது மழைக்காலம்."

போர்டின் குரல். அதே ஏற்றம், அதே இறக்கம், அதே சர்க்கரைப் பாகு. கை தட்டினார்கள். வந்தவர் வகுப்பைச் சுற்றிப் பார்த்து, "யாருக்காவது ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்றார். ஒரு கைகூட எழவில்லை. அவர் தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார், கண்ணெல்லாம் சந்தோஷம்.

"சந்தேகமே இல்லாத கிளாஸ் சார்! இதைத்தான் நாங்க எதிர்பார்த்தோம்."

நான் வகுப்பின் பின்சுவரில் சாய்ந்து நின்றிருந்தேன். எட்டாம் வகுப்பு, இந்த வயதில், இரண்டு கடலுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, சந்தேகமே இல்லை! சந்தேகமில்லாத பிள்ளையைக் கண்டால் எங்கள் காலத்தில் உடம்புக்கு ஏதும் முடியவில்லையோ என்று தொட்டுப் பார்ப்பார்கள்.

அவர்கள் போனபிறகு அவளைக் கூப்பிட்டேன். திட்டக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் கேட்டேன்.

"நம்ம ஊர்ல மழைக்காலம் எது?"

என் முகத்தைப் பார்த்தாள். பயம் இல்லை. கடைக்காரர் வாடிக்கையாளரைப் பார்க்கிற பார்வை.

"எந்த விடை வேணும் டீச்சர்? போர்டு விடையா, நம்ம ஊர் விடையா?"

"ரெண்டும் உன்கிட்ட இருக்கா?"

"இருக்கு டீச்சர்."

"உள்ள ரெண்டும் சண்டை போடலையா?"

"எதுக்கு டீச்சர் சண்டை போடணும்?" என்றாள். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள். "அது அங்கன இருக்கும், இது இங்கன இருக்கும்."

அந்தச் சண்டைக்காகத்தான் நான் இத்தனை வருஷம் இந்த வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். பிள்ளையின் தலைக்குள் இரண்டு விஷயங்கள் முட்டிக்கொண்டு, அது தாங்காமல் "ஆனா டீச்சர்" என்று எழுகிற அந்த நிமிஷத்துக்காக. அந்த இடத்தில் இப்போது தடுப்புச் சுவர் எழுப்பி, ஆளுக்கு ஓர் அறை கொடுத்து, சமாதானமாகக் குடிவைத்திருந்தாள். அவள் மறந்திருந்தால் திரும்பச் சொல்லிக்கொடுக்கலாம். பயந்திருந்தால் தேற்றலாம். நிம்மதியாக இருக்கிறவளை என்ன செய்வது?

விருட்டென்று போய்த் தெற்கு ஜன்னல் துணியைப் பிடித்து இழுத்தேன். ஆணியிலிருந்து பிய்ந்து வந்தது. வெளிச்சம் அறைக்குள் விழுந்தது, குடம் உடைந்ததுபோல. பின்னாலேயே காற்றும் மணலும். தென்கடல் நுரை கக்கிக்கொண்டு கிடந்தது. கரையில் ஒரு வள்ளம் இல்லை. வானத்தில் மழைக்கான ஒரு கீற்று மேகம் இல்லை. பாருங்கள், பாருங்கள் என்று கத்த வாயெடுத்தேன்.

"டீச்சர்ர்ர்..." என்று வகுப்பு மொத்தமும் இழுத்தது. கண்ணுக்குக் கையைக் குடையாக வைத்துக்கொண்டார்கள். "போர்டு தெரியல டீச்சர்!"

ஜன்னல் லீடர் என் பக்கம் வந்தாள். என் கையிலிருந்து துணியை மெல்ல வாங்கிக்கொண்டாள், வீட்டில் உம்மா கையிலிருந்து பாத்திரத்தை வாங்குகிற மரியாதையோடு. ஜன்னல் முன்னால் நின்று உள்ளங்கையைக் காற்றில் வைத்தாள். பழைய பழக்கம். இதோ "ஆனா" வரப்போகிறது என்று காத்திருந்தேன். கையைக் கொஞ்சம் மேற்கே திருப்பினாள், தலையை ஆட்டிக்கொண்டாள். பெஞ்சின்மேல் ஏறி மேல் முனைகளை ஆணியில் மாட்டினாள். பிறகு குனிந்து, மேற்குப் பக்கத்துக் கீழ் முனையை முதலில் இழுத்து, கம்பியில் சுற்றி, இறுக்கி முடிந்தாள். துணி ஒரு தடவை பாய் மாதிரி உப்பி, அடங்கியது. அறை இருட்டியது. போர்டில் மழை திரும்ப வந்தது.

"கச்சான் டீச்சர்," என்றாள், கையைத் தட்டிக்கொண்டு. "கீழ முடிச்சுப் போடலைன்னா நிக்காது."